வலது கண் சொல்லும் புதினம்

திருகோணமலை
ஆவணி 23

அன்பின் சிநேகிதிக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. அதில் பழையபடி அந்தப் பச்சைச் சேலைக் கதையை இழுத்திருந்தாய். அதற்குப் பிறகு வருகிறேன், கொஞ்சம் பொறு.

பதில் தாமதமானதற்குக் காரணம் கண். வலது கண்ணில் வெண்படலம் முற்றிவிட்டது என்று டொக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். நான்தான் பொங்கல் முடியட்டும், தேர் முடியட்டும் என்று இழுத்துக்கொண்டே வந்தேன். ஒருநாள் பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ் என்று நினைத்துக் கந்தளாய் பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் வசதியாக உட்கார்ந்து, தம்பலகாமத்துச் சந்தியில் இறங்கித் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு சாட்டுச் சொல்ல வாய் வரவில்லை. போய்ப் படுத்தேன். ஒப்பரேசன் அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. உள்ளே இருந்த பழைய வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை ஒன்றை வைத்துவிட்டார்கள். நோவும் இல்லை.

முதல் நாள் கண்ணைக் கட்டியிருந்தது. மற்றக் கண்ணையும் நம்ப முடியாததால், விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக் காதை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்தேன். காலையில் மீன்காரத் தம்பியின் ஹோர்ன். "ரீச்சர், சூடை இருக்கு, பாரைக்குட்டி இருக்கு" என்று மதிலுக்கு மேலால் குரல் கொடுத்தான். பின்னேரம் 'ஃபியூர் எலிஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன்பாண் ஓட்டோ. உன் பேத்தி பியானோ வகுப்பில் 'ஃபியூர் எலிஸ்' வாசிக்கத் தொடங்கியதும் உனக்கு மீன் பணிஸ் மணம் அடித்தது என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்து ஒற்றைக் கண்ணோடு தனியே இருந்து சிரித்தேன். பேர்கனில் இருக்கும் அந்தப் பியானோ ரீச்சரிடம் சொல்லிப் பார். பீத்தோவன் 1810இல் எழுதியதை இலங்கையில் ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோய்ப் பாண் விற்கிறார்கள் என்றால் அவ நம்பமாட்டா.

அடுத்த நாள் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போனேன். கொடியில் பெட்சீற் காய்ந்துகொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் வெள்ளை. வெள்ளை என்றால் நீலம் போட்டு அலசின வெள்ளை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அதே பெட்சீற், தேயிலைச் சாயத்தில் தோய்த்து எடுத்த மாதிரி. நம்ப முடியாமல் மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே நின்றேன். பக்கத்து வளவுப் பெடியன் மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன அன்ரி, யாருக்குக் கண்ணடிக்கிறீங்கள்?" என்று கேட்டான்.

யோசித்துப் பார், பத்து வருடமாக நான் சவுக்காரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கிணற்றுத் தண்ணீரை. பிறகு உடுப்புத் தோய்க்க வருகிற பிள்ளையை. பாவம், அவளிடம் போன கிழமை மன்னிப்புக் கேட்டேன். வயது போகப்போகக் கண்வில்லை மஞ்சளாகிக்கொண்டே வருமாம், நீலத்தை உள்ளே விடாதாம். மெல்ல மெல்ல நடப்பதால் ஆளுக்கே தெரியாதாம். டொக்டர் சொன்னார்.

வீடு இருந்த கோலத்தைக் கேட்காதே. சுத்தமான மனுசி என்று எனக்கிருந்த பெருமை குசினிக்குள் கால் வைத்ததும் போய்விட்டது. கூரைச் சலாகையில் ஒட்டறை, அடுப்புக்குப் பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. மீன் கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஏதோ மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒற்றை மீன்செதில், காய்ந்து சுவரோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. எந்த மீனோ, எந்த வருடமோ. நகத்தால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். வளையம் வளையமாகக் கோடு, வெளிச்சத்துக்குத் திருப்பினால் ரோசாவும் பச்சையும். மற்றதையெல்லாம் தம்பி மகள் தேய்த்துக் கழுவினாள். செதிலை மட்டும் சாமிப்படத் தட்டில் வைத்திருக்கிறேன், ஏன் என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உப்புக்காற்றுக்குக் கறள் பிடித்து, பூச்சு மட்டும்தான் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கேற்றுக்கு வெளியேதான் மான்கள் வந்து நிற்கும். உனக்கு ஞாபகம் இருக்கும், கோட்டைக்குள் இருக்கிறவை விடியப்புறம் வீதிக்கு இறங்கிவிடும். எங்கள் செவ்வரத்தையை எட்டின மட்டும் மொட்டையாக்கி வைத்திருக்கின்றன. இவ்வளவு நாளும் எனக்கு அவை மண்ணிறமான ஏதோ ஒன்று, ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில். இப்போது பார்த்தால் முதுகுத்தண்டோடு ஒரு கறுத்தக் கோடு, அதன் இரண்டு பக்கமும் கோலப்புள்ளி வைத்தாற்போல் வெள்ளைப் புள்ளி வரிசையாகப் போகிறது. இலையை மெல்லும்போது காது தனியாக ஆடுகிறது, இலையான் இருக்கிற பக்கத்துக் காது மட்டும். நேற்று ஒன்று சொப்பிங் பையை மென்றுகொண்டு நின்றது. பிடுங்கப் போனேன், என்னை விலத்திக்கொண்டு பையோடு ஓடிவிட்டது.

மறந்துவிட்டேன், ஒப்பரேசனுக்கு முன் மூதூருக்குப் போய் உன் சின்னம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நடமாட்டம் குறைவு, வாய் குறையவில்லை. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், பஸ் கண் மூடித் திறக்கக் கடந்துவிடுகிறது. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் பாதைப் படகுக்காகக் காத்து நின்று கச்சான் கோது உடைத்த காலமெல்லாம் 2009ஓடு சரி.

கடற்கரைக்கு மட்டும் போக விடவில்லை. கச்சான் அள்ளி வீசுகிற காலம், மணல் கண்ணுக்குள் போய்விடும் என்று. (கடலைக்கும் காற்றுக்கும் ஒரே பேர் வைத்த ஆட்கள் நாங்கள்.) மூன்றாவது கிழமை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓட்டோ பிடித்துக் கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசலில் நிறுத்தச் சொன்னேன். கோயிலை இடித்த கல்லைக்கொண்டே 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. வாசல் கல்லில் இரண்டு கயல் மீன் வெட்டியிருக்கிறது. பாண்டியர் சின்னம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் வாசலில் நின்று அந்த மீன்களை உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தான், அதனால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினேன். கச்சான் கரையிலிருந்து வீசுவதால் கடல் படுத்துக் கிடந்தது. அடியில் பாறையைச் சுற்றி வெள்ளை நுரை, அதை அடுத்துக் கண்ணாடிப் போத்தல் நிறம், அதற்கப்பால் ஒரு நீலம். அந்த நீலத்துக்கு என்னிடம் சொல் இல்லை. மையின் நீலமும் இல்லை, பள்ளிக்கூட ரிபனின் நீலமும் இல்லை. இடது கண்ணால் பார்த்தேன், பழைய கடல்தான். நான் இத்தனை வருடமும் இதுதான் கடல் என்று நினைத்திருந்த, கொஞ்சம் பாசி பிடித்த மாதிரிக் கடல். தம்பி மகள் தோளைத் தட்டும் வரைக்கும் ஒரு கண்ணை மூடி மற்றதைத் திறந்துகொண்டு நின்றேன். அர்ச்சனை முடிந்துபோயிருந்தது.

அடுத்த மாதம் இடது கண். முதல் கண்ணுக்குப் பயந்த மாதிரி இதற்குப் பயம் இல்லை, ஆனால் அவசரமும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் டச்சுக்குடாவில் பாவாடை நனைய நிற்கிற படம் இருக்கிறதே, அதற்கு இடது கண்தான் பொருத்தம்.

சரி, சேலை. நேற்று அலுமாரியைத் திறந்து வெளியே எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். தம்பி மகளையும் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்தினேன். நீலம்தான். நீ சொன்ன அதே நீலம்.

உன்,
ஒரே வாங்கில் இருந்தவள்