‘போதும்’ என்று நான் சொன்னது கார்டுக்கு: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் முழுக்க ஒரு ஆடியோ நம் ஏரியா வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றியது. பத்துப் பேராவது அதை எனக்கே அனுப்பி, “அண்ணே, இது நம்ம கடையைப் பத்தியா?” என்று கேட்டார்கள். ஆமாம், நம் கடையைப் பற்றித்தான். பேசியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 16 வருடமாக, கேம் ஆடும் கம்ப்யூட்டர்களை அசெம்பிள் செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். ஒன்றும் நடக்காததுபோல ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார மனசு வரவில்லை.

அதில் மூன்று குறை இருக்கிறது. விலை ஏறிவிட்டது. 4கே மானிட்டர் (படம் ரொம்ப நுணுக்கமாகத் தெரியும் திரை) கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். அப்புறம், ‘வடசென்னைப் பசங்களுக்கு இது போதும்’ என்று கடைக்காரர் சொன்னார். முதல் இரண்டையும் தாங்கிக்கொள்வேன். மூன்றாவதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு அம்மா, கல்லூரியில் சேர்ந்த மகனோடு வந்தார். சீட்டு எடுத்த பணம், 85,000 ரூபாய். தம்பிக்கு 27 இன்ச் 4கே மானிட்டர் கட்டாயம் வேண்டும். மிச்சப் பணத்தில் எந்த கிராபிக்ஸ் கார்டு (கேமின் படத்தை வரைகிற பாகம்) வருகிறதோ வரட்டும் என்றான். நான் கணக்குப் போட்டேன். அந்த மானிட்டரை வாங்கிவிட்டால், மீதியில் 8 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டுதான் வரும், ஆர்.டி.எக்ஸ். 5060 மாதிரி. “இந்த கார்டுக்கு 24 இன்ச் 1080 மானிட்டர் போதும்மா” என்றேன். 1080 என்பது 4கே-யைவிடப் புள்ளி குறைந்த திரை. ‘இந்த கார்டுக்கு’ என்பது காற்றில் போய்விட்டது. எங்கிருந்தோ ‘வடசென்னை’ வந்து ஒட்டிக்கொண்டது.

நான் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் பெரிய ஷோரூம் ஒன்றில், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னாலேயே என் செருப்பைப் பார்த்தார்கள். அதை நான் மறக்கவே இல்லை. அதனால்தான் நம் கடையில் பட்ஜெட்டை முதலில் கேட்பதில்லை. “என்ன கேம் ஆடுவே? மானிட்டருக்கு எவ்வளவு தூரத்துல உட்காருவே?” இவைதான் முதல் இரண்டு கேள்விகள், உங்களுக்கே தெரியும். வியாசர்பாடியில் இருந்து வந்த ஒரு தம்பிக்கு 16 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 5070 டிஐ, 32 இன்ச் 4கே மானிட்டர், 850 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தருகிற பெட்டி) எல்லாம் இதே மேஜையில்தான் பூட்டிக் கொடுத்தோம். அவர் கேட்டார், கார்டும் மானிட்டரும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தது, கொடுத்தோம். ஆளைப் பார்த்து மானிட்டர் விற்கிற பழக்கம் இந்தக் கடையில் இருந்ததில்லை.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கடையில் கூட்டம், பாதியில் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். 1080 மானிட்டர் என்பது 1920 புள்ளி, 1080 வரிசை. மொத்தம் 20,73,600 புள்ளி. இந்தக் கோலத்தை கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 60 தடவை அழித்து அழித்துப் போட வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு கோலம். 1440 என்றால் 2560 புள்ளி, 1440 வரிசை. ஏறக்குறைய 37 லட்சம். 4கே என்றால் 3840 புள்ளி, 2160 வரிசை, 82,94,400. அதாவது 1080-ஐப் போல சரியாக நான்கு பங்கு. கோலம் போடுகிற கை அதேதான், வாசல் மட்டும் நாலு மடங்கு. அந்தக் கை 8 ஜிபி கார்டின் கை.

தம்பி ஆடக் கேட்டது சைபர்பங்க் 2077 என்ற கேம். நான் அவன் எதிரிலேயே டெமோ மெஷினில் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டோடு (5060-க்கு முந்தையது, அதுவும் 8 ஜிபிதான்) 4கே மானிட்டரை மாட்டி, செட்டிங்ஸை உச்சத்தில் வைத்து ஓட்டிக் காட்டினேன். மூலையில் ஓடும் எஃப்.பி.எஸ். எண், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது, 30-ஐத் தொடவில்லை. கார் திரும்பும்போது படம் இழுத்து இழுத்து வந்தது. நிறுத்தி வைத்த காட்சி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவன் பார்த்தது அந்த அழகை. நான் பார்த்தது அந்த இழுப்பை. தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை.

“டி.எல்.எஸ்.எஸ். போட்டா ஓடுமே அண்ணா” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சின்னப் படமாக வரைந்து, அதைப் பெரிதாக்கித் தரும் வசதி அது. ஓடும். ஆனால் 4கே மானிட்டரில் அதை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வைத்தால், கார்டு உள்ளே வரைவது 1080 படம்தான். அதை 4கே அளவுக்கு நிரப்பித் தருகிறது. வெறும் 1080-ஐ இழுத்துப் பெரிதாக்குவதைவிட எவ்வளவோ மேல். என்றாலும் அந்த நிரப்புகிற வேலைக்கும் கார்டின் நேரமும் மெமரியும் வேண்டும். 8 ஜிபி நிறைந்துவிட்டால் மீதியை கம்ப்யூட்டரின் பொது மெமரியான ராமில் போய்த் தேடும், அப்போதுதான் ஆட்டம் தடுக்கித் தடுக்கி வரும். இன்னொன்றும் கவனியுங்கள். ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் வருகிறது, 16 ஜிபியும் வருகிறது. ஏ.எம்.டி. கம்பெனியின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. கார்டும் அப்படித்தான். எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டியில் அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், மேஜையில் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு 27 இன்ச் 1440தான் அருமையான இடம். எழுத்து கூர்மையாக இருக்கும், 16 ஜிபி 5060 டிஐ சமாளித்துவிடும். 27 இன்ச்சில் 1080 வாங்காதீர்கள்; அந்தத் தூரத்தில் புள்ளி கண்ணுக்குத் தெரியும். 24 இன்ச்சில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. 1440 மானிட்டரை வாங்கிவிட்டு, கார்டு திணறுகிறது என்று 1080-இல் ஓட்டினால் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாமல் படம் மங்கலாகும். வாலரன்ட், சி.எஸ். 2 மாதிரி சுடுகிற கேம் மட்டும் ஆடுகிற பசங்களுக்கு ரெசல்யூஷனைவிட (புள்ளி எண்ணிக்கை) ஹெர்ட்ஸ்தான் (திரை நொடிக்கு எத்தனை தடவை படம் மாற்றும் என்பது) முக்கியம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் சுமார் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-இல் சுமார் 7தான்.

24 இன்ச் மானிட்டர் அப்போது கடையில் கொஞ்சம் ஸ்டாக் இருந்தது உண்மைதான். ஆனால் அதைத் தள்ளிவிடுவதற்காக ‘போதும்’ என்று சொல்லவில்லை.

அடுத்து விலை. 2025 கடைசியில் இருந்து ராம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி தயாரிக்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள், நமக்கு வருவது குறைந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்.எஸ்.டி.யிலும் (ஃபைல்களைச் சேமிக்கிற பாகம்) இருப்பதும் மெமரிதானே, அவையும் அதோடு சேர்ந்து ஏறுகின்றன. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் காலையில் கேட்ட விலை சாயங்காலம் இல்லை. அதனால் நாங்கள் எழுதித் தரும் கொட்டேஷன் இனி ஒரு நாளைக்கு மட்டும்தான் செல்லும். அசெம்பிள் கூலியும் 500-இல் இருந்து 1,000 ஆகிறது.

கடையில் ஏழு வருடம் கூட இருந்த தம்பி சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். கேபிளை ஒளித்துக் கட்டுவதில் அவர் கை யாருக்கும் வராது. இப்போது நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனும்தான். எனவே வீட்டுக்கு வந்து பார்ப்பது தற்சமயம் இல்லை.

மானிட்டரில் பிரச்சினை என்றால் போன் செய்வதற்கு முன் இரண்டை மட்டும் பாருங்கள். கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா? கார்டில்தான் இருக்க வேண்டும். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’க்குப் போய் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாசக்கணக்கில் 60-இல் ஓட்டியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை சி.பி.யூ.வைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். உப்புக்காற்றில் கார்டின் காண்டாக்ட் (செருகுகிற உலோக முனை) கறுத்துப்போகிறது. துடைத்துத் தருவதற்கு இப்போதும் காசு இல்லை.

ஆடியோ வந்த மறுநாள் காலையில், கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். பேரனுக்கு 2019-இல் நம்மிடம் வாங்கிய மெஷினின் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “இன்னும் ஓடுதுப்பா, அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றார். டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மிக்ஜாம் புயலில் தண்ணீர் ஏறியபோது மேல் ரேக்கில் இருந்த பெட்டிகளை மாடிக்கு ஏற்றித் தந்த தெருப் பசங்களையும், பாதிப் பணம் கொடுத்துவிட்டு “அண்ணே, நீங்க சொல்ற கார்டே போடுங்க” என்று நம்பிப் போகிற தங்கச்சிகளையும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

அந்த அம்மாவுக்கு: நான் சொன்ன விதம் உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். தம்பியை ஒரு சனிக்கிழமை கூட்டிவாருங்கள். 24 இன்ச் 1080, 27 இன்ச் 1440, அவன் கேட்ட 4கே, மூன்றையும் ஒரே மேஜையில் வரிசையாக வைத்திருக்கிறேன். அவனே உட்கார்ந்து, அவன் கேமையே ஆடிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் 4கேதான் வேண்டும் என்றால், நானே பூட்டித் தருகிறேன். பழைய கூலிதான்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
புதுவண்ணாரப்பேட்டை