கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள்: மயூர் விஹார் தமிழ்க் குழு உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். மே, ஜூன் புழுதிக்காற்றில் தில்லித் தூசி சிபியு பெட்டிக்குள் அடையாகப் படிந்துவிடும். சூடு ஏறினால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில நேரம் சிஸ்டம் தானாகவே அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. விண்டோஸ் 10, 11இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சிஸ்டம் சீக்கிரம் திறக்க உதவும் வசதி) இயங்கினால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் சிஸ்டம் முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் சேமித்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. பழைய கோளாறும் கூடவே வந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறையாவது ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பிரிண்டர், வைஃபை தொல்லைகள் பல இதிலேயே சரியாகிவிடும்.

சிஸ்டம் நின்றுபோய், பிழைச் செய்தியுடன் நீலத்திரை அடிக்கடி வந்தால், முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன் (sfc /scannow) ஓட்டுங்கள். கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களை அதுவே மாற்றப் பார்க்கும். முடியாவிட்டால், விண்டோஸைப் பழுதுபார்க்கும் இன்னொரு கட்டளையான டிஐஎஸ்எம் (DISM) ஓட்டுங்கள். சி டிரைவில் இடமில்லை என்றால் அப்டேட் பாதியில் நிற்கும், வேண்டாத ஃபைல்களைத் தானாக நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கி வையுங்கள்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸின் அமைப்புப் பதிவுகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்) எதுவும் வேண்டவே வேண்டாம். ‘வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் வந்தால் அது மோசடிதான். வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரின் மாடல் பெயரைக் குழுவில் போடுங்கள், 11 ஏறுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.