தூண்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போன தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

கடைசியாக எடுத்த பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அந்தக் கதைக்குள் மறுபடியும் போக எனக்கும் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் தருமபுரிக்கு வண்டி ஓட்டிய டிரைவர் தம்பி, இரவெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நர்ஸ், குழுத் தவணையை எனக்காகக் கட்டிவிட்டு வாயே திறக்காத மகளிர் குழுப் பெண்கள், என் மாட்டைத் தன் மாட்டோடு கட்டித் தீனி போட்ட பக்கத்து வீட்டு அண்ணன், மாங்காய் சீசனில் தோப்பைப் பார்த்துக்கொண்ட கொழுந்தனார், தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த என் பழைய மாணவிகள்... உங்கள் எல்லோர் வீட்டுக்கும் நேரிலேயே வருகிறேன். இங்கே எழுதுவது போதாது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒருவரை மட்டும் நேரில் போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். பாரூர் ஏரிக்கரையில் நடப்பேன். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் நின்று, "இப்ப எப்படி இருக்குங்க டீச்சர்?" என்று கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். துடைப்பத்தைத் தொட்டால் மருமகள் ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். சொம்புத் தண்ணீர் எடுக்கப் போனால் பேரன் முந்திக்கொள்வான். இத்தனை அன்புக்கு நடுவில் என் இரண்டு கைகளுக்கும் ஒரு வேலையும் இல்லாமல் போயிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை. அது மடியில் சும்மா கிடந்ததுதான் எனக்கு நோயைவிடப் பெரிய பாரமாக இருந்தது.

அப்போது ஏரிக்குப் பக்கத்து நிலத்தில் செம்மறி ஆட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். அதில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஆட்டை மேயவிட்டுவிட்டுக் கரையோரம் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மூச்சு வாங்கியபடி பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். திடீரென்று எழுந்தவன், "ஆயா, ஆடு கொல்லையில பூந்துடுச்சு, இதக் கொஞ்சம் புடி" என்று கழியை என் கையில் திணித்துவிட்டு ஓடியே போய்விட்டான்.

அவ்வளவுதான் அவன் செய்தது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துப் பரிதாபப்படவும் இல்லை. அவனுக்கு அவசரத்துக்கு ஒரு கை தேவைப்பட்டது, என்னிடம் ஒரு கை இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவர் என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தார் என்றால், அது அந்தப் பையன்தான்.

தண்ணீரில் மிதந்த தக்கையைப் பார்த்தேன். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு, நீல நிறம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காவேரிப்பட்டணத்தில் அப்பாவோடு தென்பெண்ணைக்குப் போவேன். மயிலிறகுத் தண்டில் அப்பா தக்கை செய்வார். "மீன் தொட்டதும் இழுக்காத, கவ்வட்டும்" என்பார். பெரியவளான பிறகு ஆற்றுப் பக்கம் போவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள். இத்தனை வருடத்தில் தூண்டிலைத் தொடவே இல்லை. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பி, வாய்க்கால் வழியாக எங்கள் பாரூர் ஏரிக்கு வருகிறது. அதை அன்று நினைத்துக்கொண்டபோது கண் கலங்கிவிட்டது.

தக்கை லேசாக நடுங்கியது. நின்றது. மறுபடியும் நடுங்கி, ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. ஜிலேபி மீன் அப்படித்தான் தீனியைக் கொறித்துக் கொறித்துப் பார்க்கும். கெளுத்தி என்றால் ஒரே இழுப்பு, தக்கை உள்ளே போய்விடும். கைக்கு அதெல்லாம் மறக்கவில்லை. தக்கை சரிந்து முங்கியதும் மணிக்கட்டை மட்டும் சுண்டினேன். தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்தது. உள்ளங்கையளவு ஜிலேபிதான், ஆனாலும் அந்தத் துடிப்பு கழி வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. முதுகு முள் குத்தாமல் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் படியவைத்து, தூண்டில் முள்ளைக் கழற்றினேன். ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த கை அது.

பையன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஆயா கைராசிக்காரி!" என்றான். அவன் அள்ளிக் கொடுத்த மீனை அன்று வீட்டில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தேன். புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தது. சாப்பாட்டில் ருசியே தெரியாமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும்.

அதற்குப் பிறகு தினமும் அங்கே போய் உட்கார்ந்தேன். ஒருநாள் பட்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. போவதற்கு முன் கழியை என் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, "வச்சுக்க ஆயா, நான் வேற வெட்டிக்கறேன்" என்றான். நன்றி என்று சொல்ல எனக்கு அப்போது குரலே எழும்பவில்லை.

இப்போது போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மகனோடு போய் முள்ளும் நரம்பும் வாங்கி வைத்திருக்கிறேன். மீனுக்குக் காவல் இருக்கிற பெரியவரிடம் கேட்டதற்கு, "வலைதாம்மா போடக் கூடாது, நீங்க தூண்டில் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் என் நன்றி. மைதா மாவோ மண்புழுவோ எது இருக்கிறதோ அது. மீன் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காத நாளும் நல்ல நாள்தான். தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த பரிசோதனையைப் பற்றி மனம் நினைப்பதில்லை. மாத்திரையில் கிடைக்காத தூக்கம் அந்த நாட்களில் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜிலேபி ஆப்பிரிக்கா மீன், 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது, ஏரி குளமெல்லாம் பரவி நம் ஊர் மீன்களுக்கு இடைஞ்சலும் ஆனது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இப்போதுதான். தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலையில், கரையோரம் பொடிக் குஞ்சுகள் தாயைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. என் நிழல் விழுந்ததும் எல்லாம் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொண்டன. எத்தனை பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியிருப்பேன்! அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அந்த ஏரிக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? அறுந்த நரம்பைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கொக்கும் நாரையும் காலில் சிக்கித் தவிக்கின்றன. இனி நான் நடக்கிற வரைக்கும், என் கண்ணில் படுகிற நரம்பையெல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் தூண்டில் போடுவேன். என் பழைய மாணவர்கள் யாராவது ஞாயிறு காலையில் வந்தால், பொறுக்கவும் கற்றுத்தருகிறேன், தூண்டில் போடவும் கற்றுத்தருகிறேன். பெண் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை, அரூர் பக்கம் யார் நிலத்திலாவது செம்மறிப் பட்டி போட்டிருந்தால், அங்கே தூண்டில் போடுகிற பையன் யாராவது இருக்கிறானா என்று கொஞ்சம் விசாரியுங்கள். பாரூர் ஏரிக்கரையில் ஒரு ஆயாவிடம் கழியைக் கொடுத்தாயா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஆயா நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் எந்த ஊர், யார் நிலம் என்று எனக்குச் சொல்லுங்கள். குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.