சென்னையின் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட சைனஸ் என்று வருகிறவர்களிடம் மூக்கடைப்பு, சளி, தலைபாரம் எல்லாம் விசாரிக்கிறீர்கள். வாசனை தெரிகிறதா என்றும் கேளுங்கள். கேட்டதோடு விடாமல் சோதித்தும் பாருங்கள்.

என் அக்கா மயிலாப்பூரில் வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் செய்துகொண்டார். மூச்சு இப்போது தாராளமாகப் போகிறது, வாசனை மட்டும் வரவில்லை. ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காயம் பொரிந்ததா கருகியதா என்று கரண்டிக்குள் குனிந்து, அதன் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். "மூச்சு நல்லா போகுதுல்ல, அப்புறம் என்னம்மா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடைப்பு நீங்கினால் வாசனை வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். சதையும் வீக்கமும் மூக்கின் உச்சியில் உள்ள நுகர்ச்சிப் பகுதிக்குக் காற்று போகும் வழியை மறிக்கின்றன, அதுவரை சரி. ஆனால் அங்கிருக்கும் மென்படலமே அழற்சியில் மாட்டிக்கொள்கிறதே! ஈசனோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் குவிகின்றன. செல்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்டர்லூகின் 4, 5, 13 போன்ற புரதங்கள் அழற்சியை ஓயவிடுவதில்லை. முகரும் நரம்புச் செல்கள் மடிவதும், அடியிலுள்ள மூலச் செல்களிலிருந்து புதிதாக முளைப்பதும் ஆயுள் முழுக்க நடப்பவை. அழற்சி நீடித்தால் அந்த மூலச் செல்கள் நரம்பை உருவாக்கும் வேலையை விட்டுவிட்டு, நோய் எதிர்ப்புச் செல்களை மேலும் மேலும் வரவழைக்கத் தொடங்குகின்றன என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. என்னை மிகவும் உலுக்கியது இதுதான். வழி திறந்துவிட்டாலும், முகர்வதற்குப் போதுமான செல்கள் அங்கே இல்லாமல் போகலாம். ஸ்டீராய்டு சாப்பிடும்போது வாசனை வந்து, நிறுத்தியதும் போய்விடுகிறது என்று யாராவது சொன்னால், அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்து கவனியுங்கள்.

பலர் "நாக்கு செத்துப்போச்சு டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். உப்பும் புளிப்பும் தெரிகிறதா என்று கேளுங்கள். அவை தெரிந்து, சாப்பாட்டின் மணம் மட்டும் பிடிபடாவிட்டால் பெரும்பாலும் கோளாறு மூக்கில்தான்.

சோதனைக்கும் வழி வேண்டும். அமெரிக்காவில் உருவான 40 மணங்களின் சோதனையில் ரூட் பீர் என்ற அந்த ஊர் பானத்தின் வாசனையும் ஒன்று. மந்தைவெளிப் பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? காபித்தூள், கிராம்பு, மல்லிகை, பெருங்காயம் என நம் ஊர் மூக்குக்குப் பழகிய மணங்களை வைத்து, முறையாகச் சரிபார்த்த ஒரு சோதனையை நீங்கள் எல்லோரும் கூடி உருவாக்கலாம். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

வாசனை போனவர்களை கேஸ் சிலிண்டர் பற்றியும் எச்சரித்து அனுப்புங்கள். கசிவு தெரிவதற்கென்றே கலக்கும் மெர்காப்டன் நாற்றம் அவர்களுக்கு எட்டாது. கசிந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்றை அடுப்படியில் மாட்டச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வாசனை எவ்வளவு தெரிந்தது என்பதை நோயாளியின் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்து பார்க்கிற டாக்டருக்காவது அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை,
சென்னை