சிப்பிக்கு எதுக்கு க்ரீம்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம இணைப்புல வீட்டுலயே க்ரீம் ஊத்தி இத்தாலியன் மஸ்ஸல்ஸ், அதாவது சிப்பி, பண்றது எப்படின்னு ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க. டீக்கடைல வச்சு படிச்சேன், படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா தண்ணி பத்தி எழுதுற பாகத்த மட்டும் வெட்டிராதீங்க.

மொதல்ல படம். நீங்க போட்டிருந்தது மஸ்ஸல் இல்ல, மட்டி. வெள்ளையா உருண்டையா இருக்குறது மட்டி, கறுப்பா நீளமா ஒரு பக்கம் கூர்மையா இருக்குறதுதான் மஸ்ஸல். அப்புறம், இது நம்ம ஊர்ல கிடைக்காது, ஆன்லைன்ல ஃப்ரோஸன் பாக்கெட் வாங்குங்கன்னு வேற எழுதியிருக்கீங்க. எங்க குமரி மாவட்டக் கடற்கரைல சிப்பின்னு சொல்றமே, பாறைல ஒட்டிக் கெடக்கும், ஆளுங்க முங்கி இரும்புக் கம்பியால பேத்து எடுப்பாங்களே, அதுவும் மஸ்ஸல்தாங்க. மலையாளத்துல கல்லுமக்காய். இத்தாலில இருக்குறது கறுப்பு, எங்களது பழுப்பு, ஜாதி வேறதான் ஆனா ஒரே குடும்பம்.

நான் இருபத்தி ரெண்டு வருஷம் கப்பல்ல குக்கா இருந்தவன். தரந்தோன்னு தெக்கு இத்தாலில ஒரு துறைமுகம், இத்தாலி வரைபடத்துல பூட்ஸ் மாதிரி தெரியும்ல, அந்த பூட்ஸோட குதிகாலுக்கு உள்பக்கமா இருக்கு. பெரிய இரும்பாலை உள்ள ஊரு, எங்க கப்பல் தாது ஏத்திக்கிட்டு அங்க போகும், இறக்கி முடிக்க நாலஞ்சு நாளாகும். ஊருக்குள்ளயே மார் பிக்கொலோன்னு ஒரு சின்னக் கடல் இருக்கு, பேருக்கு அர்த்தமே சின்னக் கடல்தான், அதுக்கு அடில இருந்து நல்ல தண்ணி ஊத்து பொங்கி உப்புத் தண்ணியோட கலக்கும், அந்த ஊத்துக்கு சீத்ரின்னு பேரு, அதனாலதான் எங்க சிப்பிக்கு இந்த ருசின்னு அந்த ஊர்க்காரங்க நெஞ்ச நிமித்திச் சொல்லுவாங்க. கயித்துல, வலைப் பைல கோத்து தண்ணிக்குள்ள தொங்க விட்டு வளக்குறாங்க. இத்தாலியன்ல இதுக்குப் பேரு கோட்ஸே, மொத தடவ கேட்டப்ப நான் திடுக்கிட்டுப் போனேன், அது வேற கதை.

எங்கள டவுனுக்குக் கூட்டிட்டுப் போற வேன் டிரைவர் ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழம அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாரு. அவரோட அம்மா நேப்பிள்ஸ்ல இருந்து தரந்தோவுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க, எழுபத்தஞ்சு வயசு இருக்கும். நான் குக்குன்னு தெரிஞ்சதும் அடுப்பு பக்கத்துல ஒரு ஸ்டூல போட்டு உக்கார வச்சுட்டாங்க. பாஷை ஒரு எழவும் புரியல, கைய பாத்தே கத்துக்கிட்டேன். அவங்க பண்ணினது இம்பெபாத்தா, நேப்பிள்ஸ் பக்கத்துச் சமையல். பெப்பேன்னா மிளகு, அப்ப இம்பெபாத்தான்னா மிளகு போட்டதுன்னு வச்சுக்கோங்க. ஆமா, மிளகுதான் அதுல ராஜா. யவனர்கள் முசிறிக்குக் கப்பல் ஓட்டிட்டு வந்து வாங்கிட்டுப் போன அதே மிளகு, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. நீங்க போட்ட குறிப்புல மிளகையே காணோம், அதுக்குப் பதிலா ஒரு கப் க்ரீம்!

இப்ப செய்முறைய சொல்றேன், ரெண்டு பேருக்கு ஒரு கிலோ சிப்பி, ஓட்டோட. உயிரோட இருக்கணும், அதான் முக்கியம். வாய் மூடியிருந்தா நல்லது, லேசா திறந்திருந்தா விரலால தட்டிப் பாருங்க, மெதுவா மூடிக்கிச்சுன்னா உயிர் இருக்கு, மூடலன்னா தூரப் போட்டுருங்க, ஓடு உடஞ்சதையும் போட்டுருங்க, காசு போகுதேன்னு பாக்காதீங்க. ஓட்டு மேல ஒட்டிக் கெடக்குறத கத்தியால சுரண்டி, கம்பி நார் போட்டு தேச்சுக் கழுவணும். வளத்த சிப்பிய விட பாறைச் சிப்பிக்கு இந்த வேலை கூட, இடுப்பு ஒடஞ்சிரும். ஓட்டு இடுக்குல தாடி மாதிரி ஒரு நாரு தொங்கும், அத கூர்மையான முனைப் பக்கமா இழுத்துப் பிடுங்கணும், அதுவும் அடுப்புல வைக்கப் போற நேரத்துல, முன்னாடியே பிடுங்கிட்டா சீக்கிரம் செத்துரும். நல்ல தண்ணில ஊற வைக்கிறதும் தப்பு, கடல் ஜீவன் அதுல தாங்காது.

அகலமான பாத்திரம், நல்ல கனமான மூடி. ஆலிவ் ஆயில் மூணு ஸ்பூன், தட்டின பூண்டு ரெண்டு பல்லு, பூண்டு செவக்கக் கூடாது வாசம் வந்தா போதும். சிப்பிய மொத்தமா கொட்டி, தீய முழுசா வச்சு மூடிருங்க. தண்ணி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, உப்பு ஒரு சிட்டிகை போடக் கூடாது. சூடு பட்டதும் சிப்பி வாயத் தொறந்து உள்ள வச்சிருக்குற கடல் தண்ணிய விட்டுரும், அந்தத் தண்ணிலதான் அது வேகுது, அதுதான் குழம்பு, அதுலயே உப்பு இருக்கு. நீங்க என்னடான்னா ரெண்டு லிட்டர் தண்ணில 20 நிமிஷம் அவிச்சு அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டு, அப்புறம் உப்பு போட்டு க்ரீம் ஊத்தச் சொல்றீங்க. இருந்த ருசிய சாக்கடைல ஊத்திட்டு ருசிக்கு க்ரீம் தேடினா எப்படி அய்யா? 20 நிமிஷம் அவிச்ச சிப்பி ரப்பர் வாஷர் மாதிரி ஆயிரும், பல்லுதான் வலிக்கும்.

அந்த அம்மா நாலு நிமிஷத்துல இறக்கிட்டாங்க. எங்க ஊர் சிப்பிக்கு ஓடு தடி, போதாததுக்கு நம்ம கடல் தண்ணி எப்படின்னு யாரும் சோதிச்சுச் சொல்றதில்ல, அதனால நான் வாய் தொறந்தப்புறமும் ரெண்டு மூணு நிமிஷம் மூடியே வைப்பேன், மொத்தம் ஏழு நிமிஷம். கடைசி வரைக்கும் தொறக்காதத நான் சாப்பிடுறதில்ல. சிப்பிய எடுத்துட்டு அடில கெடக்குற தண்ணிய வெள்ளத் துணில வடிகட்டி (மணல் இருக்கும்) மேல ஊத்துங்க. அப்புறம் அப்பவே கொரகொரன்னு இடிச்ச மிளகு, ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன், தாராளமா. பார்ஸ்லி இலை கிடைச்சா நறுக்கித் தூவுங்க, இல்லாட்டி சும்மா விடுங்க, கொத்தமல்லி போட்டா சமையல் வேற நாட்டுக்குப் போயிரும். அவங்க எலுமிச்ச பெருசா இருக்கும் புளிப்பு கம்மி, நம்ம எலுமிச்சைல அரைப் பழம் போதும். தொட்டுக்க நல்லா சுட்ட ரொட்டி. இவ்வளவுதான், இதத்தான் பெரிய ஹோட்டல்ல வெள்ளத் துணி விரிச்ச மேசைல வைக்கிறான். அந்த அம்மா வீட்டுல பாத்திரத்தோட நடு மேசைல வச்சாங்க, காலி ஓட்டையே இடுக்கி மாதிரி பிடிச்சு அடுத்த சிப்பிச் சதைய எடுத்துத் தின்னோம், யாரும் பேசல.

சீஸும் போடச் சொல்லியிருந்தீங்க, அந்த விஷயத்துல உங்க மேல முழுப் பழியும் போட மாட்டேன். மீனுக்கு சீஸ் ஆகாதுன்னு இத்தாலிக்காரன் அடிச்சுச் சொல்லுவான், ஆனா அதே ஆளு சிப்பிக்குள்ள ரொட்டித் தூள், முட்டை, பெக்கொரீனோன்னு செம்மறி ஆட்டுப் பால் சீஸ் எல்லாம் வச்சு அடைச்சு சமைப்பான். தெக்கு இத்தாலிலயே பாரிங்கிற ஊர்ல அரிசி உருளைக்கிழங்கு சிப்பின்னு அடுக்கடுக்கா வச்சு ஓவன்ல வேக வைக்கிற தியெல்லாலயும் சீஸ் உண்டு. அதெல்லாம் தனி அயிட்டம். நீங்க எழுதினது எதுலயும் சேத்தி இல்ல.

இன்னொன்னு, உங்க குறிப்புல ஒரு எச்சரிக்கை கூட இல்ல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். சிப்பி லிட்டர் கணக்குல தண்ணிய உள்ள இழுத்து வடிகட்டி வாழுற ஜீவன், தண்ணில என்ன இருக்கோ அது சிப்பிலயும் இருக்கும். 1973-ல நேப்பிள்ஸ்ல காலரா வந்தப்ப பழி சிப்பி மேலதான் விழுந்துச்சு, கரையோரத்துல வளத்தத எல்லாம் அழிச்சாங்க. நான் ருசி பாத்த அதே மார் பிக்கொலோவுல 2011-ல, அந்தக் கடல் ரெண்டு பாகமா இருக்கும், அதுல முதல் பாகத்துச் சிப்பில டையாக்சின், பி.சி.பி.ங்கிற விஷ ரசாயனங்க அளவுக்கு மேல இருக்குன்னு தடை போட்டாங்க, அதெல்லாம் வேக வச்சா போற சமாச்சாரம் இல்ல. ஐரோப்பாவுல வளர்ப்பு இடத்த ஏ, பி, சின்னு தரம் பிரிச்சிருக்கான், ஏ இடத்துச் சிப்பிதான் நேரா கடைக்குப் போகலாம், பி-ல எடுத்தா சுத்தப்படுத்திட்டுத்தான் விக்கணும், பைல லேபிள் இருக்கும். நம்ம ஊர்ல லேபிளுக்கு எங்க போக? சாக்கடை கலக்குற முகத்துவாரம், ஆலைக் கழிவு விழுற இடம், துறைமுகத் தூண் இதுல எடுத்தத வாங்காதீங்க, எங்க எடுத்ததுன்னு விக்கிற அக்காகிட்ட கேளுங்க, அவங்க சொல்லுவாங்க. இத்தாலில தின்னுறானேன்னு பச்சையா மட்டும் தின்னுறாதீங்க.

நான் இத வீட்டுல மொத தடவ பண்ணினப்ப என் வீட்டுக்காரி தேங்கா எங்கன்னு கேட்டா. எங்களுக்கு சிப்பின்னா அவிச்சு சதை எடுத்து, தேங்கா வறுத்து அரைச்சு, மரச்சீனிக் கிழங்கோட. இது என்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரின்னு மொகத்த சுளிச்சுட்டு அடில கெடந்த தண்ணிய ஒரு ஸ்பூன் குடிச்சுப் பாத்தா. அப்புறம் எனக்கு ரொட்டி முக்க மிச்சம் வைக்கல. இருந்தாலும் இன்னிக்கு வரைக்கும் தேங்கா போட்டதுதான் ஒசத்தின்னு சாதிக்கிறா, அதுல எனக்கும் பெரிசா மறுப்பு இல்ல.

அடுத்த வார இணைப்புல ஒரு மூலைல சின்னத் திருத்தம் போட்டா போதும்: தண்ணி வேண்டாம், உப்பு வேண்டாம், க்ரீம் வேண்டாம், 20 நிமிஷம் இல்ல 7 நிமிஷம். படத்தையும் மாத்திருங்க, வேணும்னா எங்க ஊர்ல இருந்து எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் குக் ஒருவர்,
குளச்சல் பக்கம், குமரி மாவட்டம்.