மருந்துக் குப்பிகளில் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துகளை அடைக்கும் கலன்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பிளாஸ்டிக்கின் குறைகளை விரிவாகச் சொல்லிவிட்டு, கண்ணாடி எந்த மருந்தோடும் வினைபுரியாது என்றும், ஆகவே குப்பிகளைக் கழுவி மீண்டும் நிரப்பலாம் என்றும் முடிகிறது. இவ்விரண்டு கருத்துகளும் திருத்தப்பட வேண்டியவை.

நீரில் கரைத்த மருந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியிலுள்ள சோடியம் அயனிகள் சிறிது சிறிதாக வெளியேற, அவற்றின் இடத்தை நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்கின்றன. இதனால் மருந்தின் காரத்தன்மை கூடுகிறது. குப்பி சிறியதாக இருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். ஏனெனில், உள்ளிருக்கும் மருந்தின் அளவோடு ஒப்பிட, அது தொடும் கண்ணாடிப் பரப்பு அங்கே மிகுதி.

மருந்துகளுக்கான தர விதிகளை வகுக்கும் மருந்தியல் நூல்கள் கண்ணாடியை வகை பிரித்திருப்பது இதனால்தான். முதல் வகையான, போரான் சேர்ந்த போரோசிலிகேட் கண்ணாடி நீரின் அரிப்பை நன்கு தாங்குவதால், பெரும்பாலான ஊசிமருந்துகளுக்கு ஏற்றது. மூன்றாம் வகை சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. உலர்ந்த பொடிகளுக்கும் எண்ணெயில் கரைத்த மருந்துகளுக்கும் அது போதுமானது. இடையிலுள்ள இரண்டாம் வகையே கவனத்துக்குரியது. அதுவும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிதான் என்றாலும், சூடான நிலையில் கந்தக டை ஆக்சைடு போன்றவற்றைச் செலுத்தி, உட்பரப்பிலுள்ள சோடியத்தை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். குப்பியை முழுதாக வைத்து 121 டிகிரி செல்சியஸில் நீரால் சோதித்தால், இது முதல் வகைக்கு இணையாகவே தேறும். நொறுக்கித் துகளாக்கிச் சோதித்தால்தான், உள்ளே இருப்பது சாதாரணக் கண்ணாடி என்பது வெளிப்படும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. பழுப்பு நிறமும் வகையைக் காட்டும் அடையாளமன்று. அது ஒளியால் கெடும் மருந்துகளுக்கான காப்பு மட்டுமே.

முதல் வகை என்பதாலேயே கவலையற்றிருக்கவும் இயலாது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கிக் குப்பியின் அடிப்பகுதியை உருவாக்கும்போது, போரான், சோடியம் சேர்மங்கள் ஆவியாகி, அடியை ஒட்டிய உட்சுவரில் படிகின்றன. பலவீனமான அந்த இடத்தை, காரத்தன்மை மிகுந்த மருந்துகளும், பாஸ்பேட் அல்லது சிட்ரேட் கலந்த கரைசல்களும் நாளடைவில் அரித்து, மெல்லிய கண்ணாடிச் செதில்களாக உரித்துவிடக்கூடும். இக்காரணத்தால் அமெரிக்காவில் சில ஊசிமருந்துகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் உற்பத்தியாளர்களுக்கு இதுகுறித்து அறிவுறுத்தலும் வெளியிட்டது. மருந்து அடைக்கப்பட்ட அன்று தெளிவாக இருந்த குப்பியில் மாதங்கள் கழித்தே செதில்கள் தென்படலாம் என்பதால், கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது வெறும் கொள்முதல் வேலை அன்று. மருந்தின் தன்மையை அறிந்தவர்கள் செய்ய வேண்டியது.

மீண்டும் நிரப்புவதைப் பொறுத்தவரை, ஐரோப்பிய மருந்தியல் நூல் முதல் வகையைத் தவிர மற்றக் கண்ணாடிக் கலன்களை மருந்துக்கு மறுபடி பயன்படுத்தக் கூடாது என்றே கூறுகிறது. இரண்டாம் வகைக் குப்பியைக் காக்கும் மெல்லிய உட்பரப்பு, திரும்பத் திரும்பக் கழுவிச் சூடாக்கும்போது தேய்ந்துபோகும். அக்கட்டுரையைப் படித்தவர்கள் அறியும்படி, குறைந்தபட்சம் இந்தப் பகுதிக்கேனும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்