பட்டாணியும் எட்டு ஓவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பந்தயக் குதிரைகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெற்றிக் கணக்கெல்லாம் சரி. ஆனால், 'பெயர் வைப்பது உரிமையாளரின் இஷ்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

இஷ்டத்துக்கெல்லாம் வைத்துவிட முடியாது. அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப் ஒப்புக்கொண்டால்தான் பெயர். சொற்களுக்கு நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து 18 எழுத்தைத் தாண்டக் கூடாது. 1973இல் பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்த செக்ரட்டேரியட்டை அரைப் பக்கம் புகழ்ந்திருக்கிறீர்கள். அது குட்டியாக இருந்தபோது எழுதி அனுப்பிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடியாயின. கடைசியில் தேறிய பெயரைச் சொன்னவர் முதலாளி அல்ல. பண்ணையில் செயலாளராக இருந்த எலிசபெத் ஹாம் என்ற அம்மையார். முன்பு, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தோடு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) தொடர்புள்ள வேலையில் இருந்தவர். அந்தச் சங்கத்தின் செயலகத்தை ஆங்கிலத்தில் 'செக்ரட்டேரியட்' என்பார்கள்; அதன் நினைவுதான் குதிரையின் பெயரானது.

கிரகணத்தன்று, 1764 ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்ததால் 'எக்லிப்ஸ்' ஆன குதிரையைச் சொன்னீர்கள். 1773இல் பிறந்த அதன் மகனை விட்டுவிட்டீர்கள். சுவையே அங்கேதான் இருக்கிறது. அந்தக் குட்டிக்கு 'பொட்டேட்டோ', அதாவது உருளைக்கிழங்கு என்று பெயர். லாயத்துப் பையனைத் தீவனப் பெட்டியில் எழுதச் சொன்னார்களாம். அவன் 'பொட்' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் எட்டு 'ஓ'க்களை வரிசையாகப் போட்டுவைத்தான். 'பொட்', 'எய்ட்', 'ஓஸ்'. அவன் காதில் விழுந்தது அப்படி! முதலாளி சிரித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டார் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. எழுத்துப் பிழை என்று அந்தப் பையனை யாரும் அடிக்காமல் விட்டதே பெரிது.

இவ்வளவு வக்காலத்து வாங்கக் காரணம் உண்டு. என் தாத்தா ராயபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். தன் குதிரைக்கு அவர் வைத்த பெயர் ராஜா. அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை. கல்மண்டபம் பக்கம் பட்டாணி வறுத்து விற்ற ஒரு பாட்டியின் அடுப்பருகே வந்தால் அது தானாக நின்றுவிடும். உள்ளங்கையில் நாலு பட்டாணி வைத்து நீட்டினால்தான் அடுத்த அடி. பீச் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்து திட்டுவார்கள். மீசை மயிரில் மணல் ஒட்டியிருக்க, அது சாவகாசமாக மென்றுகொண்டிருக்கும். "வந்துவிட்டானா என் பட்டாணி?" என்பாராம் பாட்டி. சவாரிக்கு வருகிறவர்களும் "பட்டாணி வண்டி இருக்கிறதா?" என்றே கேட்கத் தொடங்கினார்கள். தாத்தாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மிகவும் புகழ்பெற்ற குதிரையின் பெயரை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை என்பதும் ஜாக்கி கிளப்பின் விதி. எங்கள் வீட்டில் அது செல்லவில்லை. பட்டாணி செத்த பிறகு தாத்தா வாங்கிவந்த குதிரை அந்த அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதையும் அவர் பட்டாணி என்றுதான் கூப்பிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை-13.